வாதுமை இல்லை, வால்நட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மரவேலைப் பக்கத்தில் துப்பாக்கிக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் பதியும் மரப்பகுதி, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகையில் இப்படி ஒரு விஷயம் வருவதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் 'வாதுமை மரம்' என்று போட்டுவிட்டீர்களே! வாதுமை என்றால் நம் ஆட்களுக்கு ஒன்று பாதாம், இல்லாவிட்டால் கடற்கரையோரம் குடை விரித்த மாதிரி நிற்கும் நாட்டு வாதுமை, அதாவது மலாயில் கெத்தாபாங். துப்பாக்கிக்குப் போகிற மரம் வால்நட். கடையில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக அக்ரூட் பருப்பு விற்கிறார்களே, அது காய்க்கிற மரம். கட்டுரையைப் படித்த என் அக்கா மகன் "மாமா, பத்து ஃபிரிங்கி கடற்கரையில நிக்கிறதெல்லாம் துப்பாக்கி மரமா?" என்று கேட்டான்.

நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் முப்பது வருஷமாகத் தச்சு வேலை பார்ப்பவன். துப்பாக்கிக் கட்டை ஒன்றே ஒன்றுதான் செய்திருக்கிறேன், அதையும் இரண்டு தடவை செய்ய வேண்டியதாகிவிட்டது. போட்டிகளில் சுடும், உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருடைய பாயிண்ட் 22 ரைபிளுக்காகச் செய்தது. இரும்பைப் பொருத்தும் வேலையை உரிமம் உள்ள கடையில் பார்த்தார்கள் (1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கிகூட அடக்கம், அதில் விளையாட முடியாது), மரம் தேடுவதும் செதுக்குவதும் என் பாடு.

கட்டுரையில் போட்ட படத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுழி சுழியாக, புலிவரி மாதிரி மரத்தின் நார் ரேகை, பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சுழி தோளில் பதியும் பின்பக்கத்தோடு நின்றுவிட வேண்டும். விரல்கள் சுற்றிப் பிடிக்கிற கழுத்துதான் கட்டையிலேயே மெலிந்த இடம், அங்கே ரேகை கழுத்தின் போக்கிலேயே நீளமாக ஓட வேண்டும், குறுக்கே சாய்ந்து ஓடினால் ஒரு நாள் அந்தச் சாய்விலேயே பிளந்துவிடும். நண்பருடைய பழைய கட்டை கீழே விழுந்து பிளந்ததும் அப்படித்தான், உடைந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. குழல் கிடக்கும் முன்பக்கத்தில் ரேகை நேராக, முடிச்சு இல்லாமல் இருந்தால் போதும், அழகு அங்கே தேவையில்லை. பலகை வாங்கும்போது ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள், ரேகை போகிற வழி தெரிந்துவிடும்.

அப்புறம் ஈரம். வெளிநாட்டுப் பலகை சூளையில் காய்ந்து 8 விழுக்காடு ஈரத்தோடு வருகிறது. பினாங்குக் காற்றில், ஏர்கோன் இல்லாத அறையில், அது 15 விழுக்காடு பக்கம் ஏறித்தான் நிற்கும், ஏறும்போது மரம் உப்பும். இது தெரிந்தும் அவசரப்பட்டு பலகை வந்த வாரமே செதுக்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் முன்கட்டை கோணி குழலில் முட்டி, "குண்டெல்லாம் இடது பக்கமா போகுது" என்று நண்பர் போன் பண்ணினார். இரண்டாவது பலகையை அறையில் காற்றாட வைத்து, வாரா வாரம் சமையலறைத் தராசில் நிறுத்து, எடை கூடிக் கூடி ஒரு இடத்தில் நின்ற பிறகுதான் உளியைத் தொட்டேன். ஏழு மாதம் ஆனது, வீட்டில் திட்டும் கிடைத்தது.

நம் ஊர் மரம் ஆகாதா என்று கேட்பார்கள். செங்கால் உறுதிதான், ஆனால் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கு மேல், அமெரிக்கக் கறுப்பு வால்நட் 610 கிலோ பக்கம்தான், நின்றுகொண்டு சுடுகிறவரின் தோளைக் கேட்டால் தெரியும். தேக்கு உளியின் முனையைத் தின்றுவிடும். நியாத்தோ நிறத்தில் கிட்டே வருகிறது, ஆனால் அந்தப் பெயரில் லேசானதும் கனமானதுமாகப் பல மரங்களை விற்கிறார்கள், எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வால்நட் எடைக்கு நல்ல உறுதி, ரேகைக்குக் குறுக்கே உளி போட்டாலும் சிம்பு கிளம்பாமல் சுத்தமாக வெட்டுப்படும், இரும்பை இறுக்கமாகப் பதிக்க அதுதான் வேண்டும்.

பிரெஞ்சு, துருக்கி, சர்க்காசியன் என்று விலைக்கு ஏற்ப பெயர் வைக்கிறார்கள், எல்லாம் ஒரே இனம்தான், காஷ்மீர் அக்ரூட்டும் அதுவே. அமெரிக்கக் கறுப்பு வால்நட் வேறு இனம், மரத்தின் நுண்துளை கொஞ்சம் பெரிது. அதை ஆலையில் ஆவியில் வேகவைத்து பட்டையை ஒட்டிய வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தையும் கறுக்க வைப்பதுண்டு, ஒரே நிறமாக இருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுத்துவிட வேண்டாம். என் நண்பருக்குச் செய்தது கறுப்புதான், கைக்கு அடக்கமான விலையில் கிடைத்தது அதுதான், ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு பெயரைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். முடிந்தால் கழுத்துப் பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படமும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சன்,
ஜெலுத்தோங், பினாங்கு