பத்தடி நடக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

தமிழ்நாட்டில் நீதித்துறை நடுவர்களாக இருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. இருபது வருடத்துக்கும் மேலாக ஜே.எம். கோர்ட் (நீதித்துறை நடுவர் நீதிமன்றம்) வராந்தாக்களில் கேஸ் கட்டுகளோடு அலைகிறவன். சட்டம் படிக்கவில்லை. ஆனால் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உங்கள் உத்தரவு வாங்குவதற்கு, கொண்டுவரப்படும் ஆட்களை நீங்கள் பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, போலீஸ் வேனிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிடுகிற இடத்தில் நிற்கிறேன். அங்கிருந்து பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

போலீஸ் காவலில் யாராவது செத்துப்போனால் எல்லோரும் முதலமைச்சருக்கு எழுதுகிறார்கள், டி.ஜி.பி.க்கு எழுதுகிறார்கள், மனித உரிமை ஆணையத்துக்கு மனு போடுகிறார்கள். உங்களுக்கு யாரும் எழுதுவதில்லை. இது எனக்குப் பல வருடமாக உறுத்துகிறது. ஏனென்றால் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்லியிருப்பது உங்கள் முன்னால்தான். பிடிபட்ட மனிதனை ஸ்டேஷனுக்கு வெளியே, கேள்வி கேட்கும் அதிகாரத்தோடு பார்க்கிற முதல் ஆள் நீங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்தது இது. பைக் திருட்டு கேஸ், பத்தொன்பது வயதுப் பையன். கோர்ட் விடுமுறை என்பதால் நடுவர் குடியிருப்புக்கே கூட்டி வந்தார்கள். எங்கள் வக்கீல் வெளியூரில் இருந்ததால் ஜூனியரோடு நானும் போயிருந்தேன். பையன் வேனிலிருந்து இறங்கும்போது செருப்பைக் கையில் பிடித்திருந்தான். ஏன்டா போட்டுக்கல என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. உள்ளே நடுவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார், பையன் மேஜைக்கு இந்தப் பக்கம், எஸ்.ஐ. அவனுக்கு ஒரு கை தூரத்தில். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று நடுவர் கேட்டார். "இல்லங்க ஐயா" என்றான். துன்புறுத்தல் புகார் ஏதும் இல்லை என்று எழுதி, 15 நாள் ரிமாண்ட். மொத்தமும் மூன்று நிமிடம் இருக்கும். அந்த மேஜை இல்லாமல் இருந்தால் நடுவர் அந்தக் கால்களைப் பார்த்திருப்பார். கேட்கவேண்டியதை அவர் கேட்டார், கடமையைச் செய்ததாகவே நினைத்திருப்பார், அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடித்தவர் பக்கத்திலேயே நிற்க, இன்னும் இரண்டு மணி நேரம் அதே வேனில் அதே ஆட்களோடு சிறைக்குப் போகவேண்டிய பையன் வேறு என்ன சொல்வான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜூனியர் வக்கீல் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். திறந்தார். "மெடிக்கல் பார்த்தாச்சுங்க ஐயா, டாக்டர் ஃபிட் கொடுத்திருக்காங்க" என்று எஸ்.ஐ. காகிதத்தை நீட்டினார். ஜி.எச்.சில் நைட் ட்யூட்டி டாக்டர், சிறைக்கு அனுப்பத் தகுதி என்கிற அந்தச் சீட்டை எப்படிக் கொடுக்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சீட்டை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

சாத்தான்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி ஓர் அப்பாவும் மகனும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தொடங்கிய விவகாரம். இரண்டு பேரும் ஸ்டேஷனில் இரவு முழுக்க அடி வாங்கினார்கள். மறுநாள் அரசு மருத்துவமனை, அங்கே தகுதிச் சான்று, பிறகு நடுவர், பிறகு சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. ரத்தம் ஊறியதால் லுங்கியைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள் என்று உறவினர்கள் சொன்னார்கள். நடுவர் தூரத்தில் இருந்தபடியே ரிமாண்ட் செய்தார், கிட்டே கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலையில் அப்பா இறந்தார். அந்த ஸ்டேஷனில் அடித்தவர்களைப் பற்றி நாடே பேசியது. அடிபட்ட பிறகு அவர்கள் கடந்து போன மற்ற இரண்டு வாசல்களைப் பற்றி, டாக்டர் மேஜையையும் நடுவர் முன்னிலையையும் பற்றி, நாம் கொஞ்சம் பேசிவிட்டு விட்டுவிட்டோம். அந்த இரண்டில் ஏதாவது ஓர் இடத்தில் ஒருவர் "இவர்களை முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி எனக்கு இன்றுவரை தூக்கம் கெடுக்கிறது.

அவர்கள் மீது போட்ட பிரிவுகளைப் பாருங்கள்: இந்திய தண்டனைச் சட்டம் 188, 269, 294(b), 353, 506(2). ஒன்றுகூட ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ளதில்லை. ஏழு வருடம் வரையிலான குற்றங்களில் கைது அவசியமா என்று போலீஸ் காரணம் காட்டவேண்டும், நடுவர் அந்தக் காரணத்தைப் பார்த்துத் திருப்தி அடைந்து பதிவு செய்யவேண்டும், அப்படிப் பதிவு செய்யாமல் காவலுக்கு அனுப்பினால் நடுவர் மீதே உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே சொல்லிவிட்டது. போதாததற்கு அது கொரோனா காலம். ஏழு வருடம் வரையிலான வழக்குகளில் உள்ளே இருப்பவர்களை வெளியே விட மாநிலந்தோறும் குழு போடுங்கள் என்று அந்த வருடம் மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. அப்படியிருக்க, கடை மூடும் நேரத்தில் தொடங்கிய ஒரு தகராறுக்கு இரண்டு பேரைச் சிறைக்கு அனுப்ப என்ன அவசரம்?

அதே சாத்தான்குளம் வழக்கில்தான் ஒரு நடுவரால் என்ன செய்ய முடியும் என்பதும் தெரிந்தது. விசாரணைக்குப் போன கோவில்பட்டி நடுவரை அந்த ஸ்டேஷனிலேயே மிரட்டிப் பார்த்தார்கள். ஒரு காவலர் அவரை மரியாதையில்லாமல் பேசினார். சி.சி.டி.வி. பதிவுகள் அன்றன்றே அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. அவர் அத்தனையையும் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். பயந்து போயிருந்த ஒரு பெண் தலைமைக் காவலரிடம் பொறுமையாகப் பேசி, லத்தியிலும் மேஜையிலும் இருந்த ரத்தக்கறை பற்றி வாக்குமூலம் வாங்கினார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. அவருக்கு இருந்த அதிகாரம்தான் உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

இன்னொரு பழைய கதையையும் சொல்லவேண்டும். 1854-இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க வெள்ளைக்கார அரசே ஒரு கமிஷன் போட்டது. அதன் அறிக்கையில் கிட்டி வருகிறது, விரல்களை இடுக்கி நெரிக்கிற கட்டை. ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது வருகிறது. வரி வசூலிக்கவும் திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதைச் செய்தார்கள். அப்போது வரி வாங்குபவரும், போலீஸை நடத்துபவரும், விசாரிப்பவரும் தாசில்தார் என்ற ஒரே ஆளாக இருந்தார், அடிபட்டவன் புகார் சொல்லப் போனால் அவரிடமேதான் போகவேண்டும். அதைப் பிரிக்கத்தான் தனிப் போலீஸ் வந்தது, ரொம்பக் காலம் கழித்து நடுவர்களையும் நிர்வாகத்திலிருந்து பிரித்தார்கள். உங்கள் பதவிப் பெயரில் 'நீதித்துறை' என்ற சொல் அப்படி வந்து சேர்ந்தது. எஸ்.ஐ. நீட்டுகிற காகிதத்தை அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு இரவும் அந்தப் பிரிவினை இல்லாமல் போகிறது.

சரி, அடிக்காமல் எப்படித் துப்பு துலக்குவது என்று கேட்கிற போலீஸ்காரர்களையும் எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள்தான் பலர். மேலே இருந்து "ரெக்கவரி எங்கே, ரெக்கவரி எங்கே" என்று, திருட்டுப் பொருளை மீட்கச் சொல்லி நெருக்குகிறார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் அந்த வாக்குமூலத்தால் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் என்று சாட்சியச் சட்டத்தில் 1872 முதலே இருக்கிறது, புதுச் சட்டத்திலும் அப்படியே வந்துவிட்டது. அடிக்கு வழி அந்த இடத்தில்தான் திறக்கிறது. இதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. ஆனால் அடி பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.

மாவுக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரௌடி என்று சொல்லப்படும் ஒருவனைப் பிடித்த மறுநாள் கையிலும் காலிலும் கட்டோடு போட்டோ வருகிறது. கழிவறையில் வழுக்கி விழுந்தான், பாலத்திலிருந்து குதித்தான் என்கிறார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள். என் வீட்டிலேயே சிரித்திருக்கிறார்கள், எனக்கு அது பெரிய வேதனை. ஜனங்கள் நம்பாத அந்தக் கதையை நீங்கள் எப்படி நம்பிப் பதிவு செய்கிறீர்கள்? விழுந்த இடம் எது, அந்த நேரத்து சி.சி.டி.வி. எங்கே என்று ஒரே ஒரு வரி கேட்டு எழுதினால் போதும். லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை, வாசல் எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் கேட்கத் தொடங்கினால் வழுக்குவது குறையும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அப்புறம் நேரம். கைது காலை 6 மணி என்று ரிமாண்ட் ரிப்போர்ட்டில் இருக்கும். வீட்டில் கேட்டால் முந்தாநாள் சாயங்காலமே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள். நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை நாளுக்குக் கணக்கே இல்லை, எல்லாமே அதில்தான் நடக்கிறது. கைதின்போது நேரமும் தேதியும் போட்டு, குடும்பத்தாரோ ஊரில் ஒரு பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் குறிப்பாணை தயாரிக்க வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் சொன்னார்கள். அந்தக் கையெழுத்துப் போட்டவர் யார், உண்மையிலேயே அங்கே இருந்தாரா என்று கேளுங்கள். பையனிடம் "அடித்தார்களா" என்று கேட்பதற்கு முன்னால் "உன்னை எப்போது, எங்கே வைத்துப் பிடித்தார்கள், நேற்று ராத்திரி எங்கே சாப்பிட்டாய்" என்று கேளுங்கள். அதற்கு அவன் பயப்படாமல் பதில் சொல்வான்.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி இறந்தது அந்தக் கணக்கில்லாத நேரத்தில்தான். காரில் இருந்த நகை காணவில்லை என்று புகார். போலீஸ் தனிப்படைக்காரர்கள் கூட்டிப் போனார்கள். உடம்பில் 44 காயங்கள் என்று உடற்கூறு அறிக்கை சொன்னது. கோயிலுக்குப் பின்னால் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து படம் எடுத்திருக்காவிட்டால் அதுவும் வழுக்கி விழுந்த கதையாகத்தான் போயிருக்கும். அவரை எந்த நடுவர் முன்னாலும் நிறுத்தவே இல்லை, அதனால் இதில் நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டவரைத் தேடி மீட்க வாரண்ட் பிறப்பிக்கும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 97-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ்.-இல் 100. ஒரு அம்மா அழுதுகொண்டே மனுவோடு வந்து நின்றால், அதை நாளைக்கு என்று தள்ளாமல் அந்த மணியே ஒரு கோர்ட் அமீனாவையோ, கோர்ட் நியமிக்கிற வக்கீல் கமிஷனரையோ ஸ்டேஷனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னால் என்ன?

உங்கள் கஷ்டம் தெரியாமல் இதை எழுதவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வழக்கு அழைக்கிறீர்கள் என்பதைப் பட்டியல் ஒட்டுகிற எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள் என்பதும் தெரியும். நாளைக்குச் சம்மன் சார்வு செய்யவும் வாரண்டில் ஆளைப் பிடிக்கவும் அதே ஸ்டேஷன்தான் உங்களுக்கு உதவவேண்டும். ஆனால் உங்களை விட்டால் வேறு யாரிடம் கேட்பது? போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வையுங்கள் என்று 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலம் 2013-இல் போட்ட சட்டத்தில் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கி வைத்தார்கள். மாவட்டத்தில் கலெக்டரும் எஸ்.பி.யும். அடிபட்டவன் மறுபடியும் தாசில்தாரிடமே போய் நிற்கிற மாதிரி.

நான் பார்த்த ஒரு நடுவர் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சின்ன ஊர், அவருக்கு முதல் போஸ்டிங் என்று நினைக்கிறேன். அவர் வீட்டுக்கு ரிமாண்டுக்கு வந்தால் போலீஸ்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டும், எஸ்.ஐ. உட்பட. கைதானவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அப்புறம் "அந்த மாமரம் வரைக்கும் போயிட்டு வாப்பா" என்பார். பத்தடிதான் இருக்கும். அவர் வாசற்படியில் நின்று பார்ப்பார். உள்ளங்காலில் அடி வாங்கியவன் பத்தடிக்குள் காட்டிக்கொடுத்துவிடுவான், வாயால் சொல்லவே வேண்டாம். ஒருநாள் ஒரு கட்டடத் தொழிலாளி நாலாவது அடியிலேயே மரத்தை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றுவிட்டார். அந்த அம்மா இறங்கி வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்து, டார்ச் அடித்து ஒவ்வொரு தழும்பையும் தன் கையாலேயே எழுதினார், முக்கால் மணி நேரம். சிறைக்கு அனுப்பாமல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பி, கூட வருகிற எஸ்கார்ட் வேறு ஸ்டேஷனிலிருந்து வரவேண்டும் என்று உத்தரவில் சேர்த்தார். அது வந்து சேரும்வரை அந்தத் தொழிலாளியைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்திருந்தார். அந்த அம்மா அங்கே இருந்த மூன்று வருடமும் அந்த ஸ்டேஷனிலிருந்து ரிமாண்டுக்கு வந்தவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா