மனப்பதற்றத்துக்கு மாற்று வழிகள்: அளவையும் ஒப்பீட்டையும் சேர்த்தே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனப்பதற்றத்தை மருந்தில்லாமல் தணிக்கும் வழிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் 30 கோடிப் பேர் பதற்றக் கோளாறுகளுடன் வாழ்ந்தனர். சிகிச்சை பெறுவோர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. ஆகவே இத்தகைய கட்டுரைகள் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சி, யோகாசனம், தியானம், மூலிகை மாத்திரை, நறுமண எண்ணெய் ஆகிய அனைத்தையும் ‘இயற்கை வழிகள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்கி, இவற்றால் தீங்கேதும் இல்லை என்று முடித்திருப்பதை, மருந்தாளுநராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

பழகிச் செய்பவை வேறு, உட்கொள்பவை வேறு. முதல் வகையைப் பொறுத்தவரை, கட்டுரையாளர் காட்டியதைவிட வலுவான சான்றே இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய, நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தப் பழக்கும் மனவிழிப்புப் பயிற்சியை, பதற்றத்துக்குப் பரவலாக எழுதித் தரப்படும் எசிட்டலோபிராம் மாத்திரையுடன் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. 276 பேரை இரு பிரிவாக்கிய அவ்வாய்வில், எட்டு வாரங்களின் முடிவில் இரு பிரிவினருக்கும் பதற்றம் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. பக்கவிளைவு ஒன்றையாவது சந்தித்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 78.6 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 15.4 விழுக்காடு. இந்த முடிவை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது, அதற்காகச் செலவிடப்பட்ட நேரத்தைத்தான். பயிற்சி பெற்றவர்கள் வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்பிலும், இடையே ஒரு முழுநாள் அமர்விலும் கலந்துகொண்டதோடு, நாள்தோறும் வீட்டில் 45 நிமிடம் பயிற்சி செய்யவும் பணிக்கப்பட்டார்கள். தினமும் ஐந்து நிமிடம் கண்மூடி அமர்ந்தால் போதும் என்னும் வாக்குறுதிக்கு அந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

யோகா குறித்தும் இதே நிதானம் வேண்டும். 2020இல் வெளியான, 226 பேர் பங்கேற்ற ஆய்வில் குண்டலினி யோகா செய்தவர்களில் 54.2 விழுக்காட்டினருக்கும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பேச்சின்வழி உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் 70.8 விழுக்காட்டினருக்கும், மன அழுத்தம் பற்றிய பாடங்களை மட்டும் கேட்டவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வெறும் பாடம் கேட்டவர்களைவிடத் தெளிவாக முன்னின்றவர்கள் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டுமே. யோகா பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதை முதல் மருந்தாகவும் முழு மருந்தாகவும் எழுதுவதற்கு இந்த எண்கள் இடம்தரவில்லை.

மூச்சைக் கவனிக்கச் சொன்னால் படபடப்பு கூடிவிடும் மனிதர்களும் உண்டு என்பதைக் கட்டுரை ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. நெஞ்சுத் துடிப்பையே அஞ்சிக்கொண்டிருப்பவர் தம் கவனத்தை உடலுக்குள் திருப்பும்போது அந்தத் துடிப்பே பெரிதாகக் கேட்கத் தொடங்குகிறது. அத்தகையோருக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி எளிதாக அமையக்கூடும்: விரல்களை இறுக மூடிச் சில நொடிகள் வைத்திருந்து, பின் முழுவதுமாக விட்டு, அந்த வேறுபாட்டை உணர்ந்தபின் முன்கை, தோள், நெற்றி, தாடை என்று ஒவ்வொன்றாகச் செல்வது. இதற்குக் கருவியும் வேண்டாம், தனி இடமும் வேண்டாம்.

என் கவலை முழுவதும் உட்கொள்பவற்றின் மீதுதான். வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், மூலிகை மாத்திரையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இல்லை என்று பதில் சொல்பவர்களை நான் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அது மருந்துக் கணக்கில் வராது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, மாற்றுறுப்பு பெற்றவர்கள் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். எசிட்டலோபிராம் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால் செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருள் மிகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். காவா என்னும் வேரிலிருந்து செய்த மருந்துகளை, கல்லீரல் பாதிப்புகள் தெரியவந்ததை அடுத்து ஜெர்மனி 2002இல் திரும்பப் பெற்றது. அத்தடை 2014இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டாலும் கல்லீரல் குறித்த எச்சரிக்கை நீங்கவில்லை. அசுவகந்தா பதற்றத்தைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது தைராய்டு சுரப்பை உயர்த்தக்கூடும், கர்ப்பிணிகளுக்கு உகந்ததன்று. லாவெண்டர் எண்ணெயைப் பொறுத்தவரை, ஆய்வுகளில் ஓரளவு பயன் தந்தது 80 மில்லிகிராம் அளவில் தரப்படுத்தப்பட்ட மாத்திரையே தவிர, புட்டியில் விற்கும் எண்ணெய் அன்று. அந்த எண்ணெயைக் குடிக்கவே கூடாது.

இன்னும் இரண்டு செய்திகளைக் கட்டுரையில் எதிர்பார்த்து ஏமாந்தேன். தைராய்டு மிகைச் சுரப்பும் சில இதயத் துடிப்புக் கோளாறுகளும் மனப்பதற்றத்தைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், எந்த வழியில் இறங்குமுன்னும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. அல்பிரசோலம், லோரசெபம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொண்டு வருபவர்கள், மூலிகைக்கு மாறுகிறோம் என்று எண்ணி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவற்றை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

இனி இப்பொருளில் கட்டுரை வெளியிடும்போது, பரிந்துரைக்கும் முறை எதனுடன் ஒப்பிடப்பட்டது, எத்தனை வாரம், எவ்வளவு நேரம் அல்லது எந்த அளவில், எந்த மருந்துகளோடு சேரக்கூடாது என்னும் விவரங்களை ஒவ்வொன்றுக்கும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவற்றைத் தர இயலாத முறைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்