கடிதங்களைக் காத்துத் தந்தவர்களுக்கு

ஸ்ரீவைகுண்டத்து உறவுகளுக்கும், வெளியூரிலிருந்து ஓடிவந்த அன்பர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 17 வெள்ள இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் என்னோடு நின்றவர்கள் நீங்கள். கரையேறியதும் நான் முதலில் கேட்டது என் ட்ரங்குப் பெட்டியைத்தான் என்பதும், அதற்காகச் சிலர் உரிமையோடு கடிந்துகொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குள் நகையோ பத்திரமோ இல்லை. பாளையங்கோட்டையில் வாழ்ந்து மறைந்த தமிழறிஞர் ஒருவர், 1987 முதல் 1995 வரை எனக்கு எழுதிய 61 கடிதங்கள் இருந்தன.

பதினேழு வயதில், குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ என்ற தொடருக்குப் பொருள் கேட்டு, முன்பின் அறியாத அந்தப் பெரியவருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன். பொருள் வரவில்லை, மழை விட்டதும் தேரிக்காட்டுக்குப் போய் ஈரச் செம்மண்ணை ஒரு பிடி அள்ளி, எது மண், எது நீர் என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா எனப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுது என்ற பதில்தான் வந்தது. அன்று தொடங்கிய படிப்பு அது. குறுந்தொகையில் 380 பாடல்களுக்குப் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியரும் எஞ்சிய இருபதுக்கு நச்சினார்க்கினியரும் எழுதியதாகக் கூறப்படும் உரை நமக்குக் கிடைக்காமலே போனதை முதன்முதலில் எனக்குச் சொன்னவரும் ஐயாதான். அதைப் படித்து நான் வருந்தி எழுதியபோது, உரை தொலைந்தால் படிக்கிற பொறுப்பு நம் தலையில் கூடுகிறது என்று பதில் எழுதினார்.

படகோடு வந்த கடற்கரைச் சகோதரர்களுக்கும், பெட்டியைத் தலையில் சுமந்து இடுப்பளவு தண்ணீரைக் கடந்த தெருப் பிள்ளைகளுக்கும், பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சோறு பொங்கியவர்களுக்கும், சென்னையிலிருந்து கடிதங்களை ஸ்கேன் செய்ய விடுப்பெடுத்து வந்த என் பழைய மாணவிக்கும் என் நன்றி என்றும் உரியது.

ஆனால் இம்மடலை எழுத வைத்தவர், எங்கள் தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மா. பெட்டியைத் திறந்தபோது இன்லேண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகக் கிடந்தன. பதற்றத்தில் மேல் தாளை நகத்தால் பிரிக்கப் போனேன். வாசலில் நின்றிருந்த அவர், “இழுக்காதீங்க டீச்சர், நனைஞ்ச பட்டு மாதிரி அது, தானா விடணும்” என்று என் கையைப் பிடித்தார். வெயிலில் காயவைக்கலாமா என்றேன், முறுகிப்போகும் என்றார். வீட்டுக்குப் போய், பரணில் நனையாமல் தப்பியிருந்த இரண்டு பழைய பருத்தி வேட்டிகளை எடுத்துவந்தார். அவருடைய கணவர் நான்கு நாளாக உடுத்திய அதே ஈரக் கைலியோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. மறுநாள்தான் நினைத்துப் பார்த்தேன். பலமுறை துவைத்து நைந்த துணிதான் தண்ணீரை நன்றாகக் குடிக்கும் என்று சொல்லி, தாள் விடவிட இடையே வேட்டியை மடித்து மடித்துக் கொடுத்து, மேலே சுமையாகத் தம் இஸ்திரிப் பெட்டியைக் கரி போடாமல் வைத்தார். இரவில் மும்முறை வந்து மடிப்பை மாற்றினார். வெள்ளத்தில் அவர் வீட்டுப் பின்சுவர் விழுந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஐயா பிற்காலத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை பெரும்பாலும் தப்பிவிட்டன. மைப்பேனாக் கடிதங்கள்தாம் கரைந்தன. இன்று 44 கடிதங்களை முழுமையாகவும் 11 கடிதங்களை அங்கங்கேயும் படிக்க முடிகிறது, ஆறு கூழாகிவிட்டன.

கடைசி நாளில் வேட்டியைத் துவைத்துத் தருகிறேன் என்றேன். அந்த அம்மா விரித்துக் காட்டினார். 1990இல் எழுதப்பட்ட 23ஆம் கடிதத்தின் நீல மை, இடம் வலமாக மாறி, துணியில் இறங்கியிருந்தது. கண்ணாடி முன் பிடித்தோம். தாளில் மங்கிப்போன ஒரு வரி தெரிந்தது: ‘உரையைப் பிறகு பார், பாட்டை முதலில் படி.’ “இதுலயும் எழுத்து இருக்கு, நீங்களே வச்சுக்கிடுங்க” என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கடிதங்களைப் பெயர்த்தெழுதத் தொடங்கிவிட்டேன். பலவும் எனக்கு மனப்பாடம் போலத்தான். ஆயினும் எழுத்து அழிந்த இடத்தில் என் நினைவிலிருந்து ஒரு சொல்லையும் நிரப்பமாட்டேன் என்று உங்கள் முன் உறுதி சொல்கிறேன். 1894இல் புறநானூற்றை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர், ஏட்டில் சிதைந்த பகுதிகளைப் புள்ளியிட்டு அப்படியே விட்டார். ஐயா எனக்குக் கற்பித்த ஒழுங்கும் அதுவே. பயன்படுத்திய பிரதிகளின் பட்டியலில் 23ஆம் கடிதத்துக்கு நேரே, மூல இன்லேண்டுக்கு அடுத்த பிரதியாக, ‘இஸ்திரிக் கடை அம்மாவின் வேட்டி’ என்று எழுதியிருக்கிறேன்.