தவிர்க்க வேண்டிய இடமா ஏற்காடு தாவரவியல் தோட்டம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த ஏற்காடு பயணக் கட்டுரையில், அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை, நேரமில்லாதவர்கள் தவிர்த்துவிடலாம் என்று எழுதியிருந்ததைப் படித்து மனம் நொந்தேன். தாங்கள் அறியாததல்ல, அது இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் தோட்டம். அண்ணா பூங்காவைப் போல மலர்க்காட்சிக்காக அமைக்கப்பட்டதன்று. ஆர்க்கிட் செடிகள் இனத்துக்கு இனம் வெவ்வேறு காலத்தில் பூப்பவை; பல இனங்கள் ஆண்டில் சில வாரங்களே பூத்திருக்கும். தூசி போன்ற அவற்றின் விதையில் சேமித்த உணவு கிடையாது என்பதால், உரிய பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் காட்டில் அது முளைக்கும். அப்படிப்பட்ட செடியைக் காட்டுக்கு வெளியே காப்பாற்றி வைத்திருப்பதைப் பார்க்க ஒன்றுமில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

பள்ளியில் தாவரவியல் நடத்திய காலத்தில் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். பாடநூலில் படமாக மட்டுமே பார்த்திருந்த பூச்சிகளை உண்ணும் மேகாலயத்துக் குடுவைச் செடியை நேரில் கண்டதும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட, பூச்சி உள்ளே விழுந்தபின் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டார்கள். மரத்தைப் பற்றியிருந்த ஆர்க்கிட்டின் வெளுத்த வேர்கள் காய்ந்துபோனவை அல்ல, மழையையும் பனியையும் உறிஞ்சிக்கொள்ளும் உயிருள்ள வேர்கள் என்பதை அங்கே நின்று ஒரே நிமிடத்தில் விளக்க முடிந்தது.

ஒவ்வொரு மே மாதமும் கோடை விழா என்றால் தங்கள் நாளிதழில் மலர்களால் செய்த உருவங்களின் வண்ணப் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேவராயென்சிஸ் மரத்தைப் பற்றி ஒரு பத்தி வந்து நான் கண்டதில்லை. மலைப்பாதை ஓரத்தில் குவியும் பிளாஸ்டிக்கைப் பற்றியும், மரப்பட்டையைக் கீறிப் பெயர் எழுதும் பயணிகளைப் பற்றியும் நான் அனுப்பிய கடிதங்கள் பிரசுரமாகவில்லை. போதாக்குறைக்கு, எப்போது எழுதினாலும் ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற அடைமொழி வேறு. ஊட்டிப் பூங்கா 1848 முதல் இருப்பது. அதன் பெருமை அதற்கு. 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியால் தன் வரலாற்றைத் தொடங்கிய எங்கள் மலைத்தோட்ட ஊரை இன்னோர் ஊரின் மலிவுப் பதிப்பாக ஏன் சொல்ல வேண்டும்?

தோட்டத்தைத் தவிர்த்துவிடலாம் என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தமும், அடுத்த கோடை விழாச் சிறப்புப் பக்கத்தில் எந்த மாதத்தில் எந்த ஆர்க்கிட் பூக்கும் என்ற விவரத்தைத் தோட்டத்தாரிடம் கேட்டு ஒரு சிறு பெட்டிச் செய்தியும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.