பூச்சி தின்னும் செடி விற்கும் வன்னி நாற்றுமேடைக்காரருக்கு

அன்பான அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் பூங்கன்று விற்கிற உங்கள் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். இலை நுனியில் தொங்குகிற குடுவைக்குள் பூச்சி விழுந்து இரையாகிற குடுவைச் செடியும், இலையையே பொறியாக மூடிப் பூச்சி பிடிக்கிற வீனஸ் பூச்சிப்பொறியும் விற்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன வருடம் மகனுக்காக ஒரு குடுவைச் செடி வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்ல விருப்பமில்லை. "ரோசாவுக்குப் போல நாளும் தண்ணி விடுங்கோ, மாதத்தில ஒருக்கா மாட்டெரு போடுங்கோ" என்று சொல்லித் தந்தார்கள். அப்படியே செய்தேன். புதிய இலைகள் வந்தன, ஆனால் ஒன்றிலும் குடுவை வரவில்லை. இலை நுனியில் நீளும் நரம்பு மட்டும் மிளகளவு கறுத்த முடிச்சோடு காய்ந்து நின்றது. சாடியைத் தூக்கிப் பார்த்தபோது விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். எங்கள் கேத்திலுக்குள் படிகிற அதே கல்சியம்! கொஞ்ச நாளில் வேர் கறுத்துச் செடி போய்விட்டது. வெறும் சாடியைக்கூட வெளியே போட மகன் விடவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இந்தச் செடிகளின் சொந்த நிலம் சதுப்பும் சத்தில்லாத மணலும். அங்கே நைதரசன் மிகக் குறைவு. மண்ணில் கிடைக்காததைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டு வாழப் பழகியவை. ரோசாவுக்கு உணவாகிற பசளை இவற்றின் வேரைக் கருக்கிவிடும். உப்புத் தண்ணீரும் அப்படித்தான். ஒரு லீற்றரில் கரைந்த உப்பு 50 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள் வளர்ப்பவர்கள். குடிக்கவே ஆர்.ஓ. (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீருக்குக் கானைத் தூக்கிக்கொண்டு போகிற எங்களுக்கு, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. கொதிக்க வைத்து ஆறவிட்டால் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். சரியில்லை. ஆவிதான் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது.

எங்களுக்கு வாடைக்கால மழை இருக்கிறதே! ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பிளாஸ்டிக் பரலில் பிடித்து, நுளம்பு புகாமல் மூடி வைத்தால் இரண்டு மூன்று செடிக்குப் பல மாதம் போதும். சீமெந்துத் தாங்கியில் நெடுநாள் கிடந்த மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு ஊறிவிடும், அது வேண்டாம். பரல் முடிந்தால் ஆர்.ஓ. தண்ணீர் விடலாம். நடுவதற்குப் பசளை கலக்காத பீற்மொஸ் (சதுப்பில் மக்கிய பாசி) நல்லது. தும்புத்தூள்தான் இருக்கிறதென்றால் அதிலுள்ள உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் பல தடவை அலச வேண்டும்.

இரண்டு செடிக்கும் ஒரே பராமரிப்புச் சொல்லி விற்காதீர்கள். பூச்சிப்பொறிக்கு நல்ல வெயில் வேண்டும், சாடிக்குக் கீழே தட்டில் கொஞ்சம் தண்ணீரும் நிற்கலாம். குடுவைச் செடியின் வேருக்குக் காற்று வேண்டும், தண்ணீரில் நிற்க வைத்தால் அழுகும். சோளகம் அடிக்கிற மாதங்களில் அந்த வறண்ட காற்றில் குடுவைகள் கருகிவிடும். கிடுகு வேலி மறைவிலோ மாமரத்தின் கீழே வெளிச்சம் விழுகிற இடத்திலோ தொங்கவிடச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது குடுவைக்குள் இருக்கிற நீரைக் கொட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பூச்சியைச் செமிக்கச் செய்வது அந்த நீர்தான்.

பூச்சிப்பொறியைப் பற்றி எனக்கு உண்மையில் மனவருத்தம். அதன் ஊர் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கி எழும்புகிற செடி அது. எங்கள் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. உறக்கமில்லாமல் வருடக்கணக்கில் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்பதை வாங்குகிறவருக்கு விற்க முதலே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: ஈர்க்கால் தொட்டு மூடிக் காட்டுகிறீர்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். உள்ளே இருக்கிற மயிரை ஏறத்தாழ 20 வினாடிக்குள் இரண்டு தரம் தொட்டால் பொறி மூடும். ஆனால் ஒவ்வொரு பொறியும் சில தடவைதான் மூடித் திறக்கும், பிறகு கறுத்து உதிரும். வெறுமனே மூடுகிற ஒவ்வொரு தடவையும் செடிக்கு நட்டம். தயவுசெய்து அந்த வேடிக்கையை நிறுத்துங்கள்.

குடுவைச் செடியில் இலங்கைக்கே உரிய இனம் ஒன்று இருக்கிறது. சிங்களத்தில் பாந்துரா என்பார்கள், தென்மேற்கின் ஈரக் காடுகளில், சிங்கராஜாப் பக்கம் வளர்வது. காட்டில் பிடுங்கிய கன்றை யாராவது மலிவாகக் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். தண்டு வெட்டி வளர்த்த கலப்பினக் கன்றுகள் கிடைக்கின்றன, அவை வீட்டுக்கும் பழகியவை.

நான் கேட்பது ஒரு சின்னத் துண்டு. சாடியில் கட்டிவிடுங்கள்: "மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். பசளை வேண்டாம். இறைச்சி, சோறு வைக்க வேண்டாம். பொறியைச் சீண்ட வேண்டாம்." எழுத நேரமில்லை என்றால் நானே எழுதிப் பிரதி எடுத்துத் தருகிறேன்.

இன்னொரு குடுவைச் செடி வாங்கத் தை மாதம் மகனோடு வருவேன். பழைய சாடியைக் கழுவி வைத்திருக்கிறான். பரலும் நிறைந்துவிட்டது.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்