அக்காவுக்கு, ஹாரோவிலிருந்து

ஹாரோ, லண்டன்
பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். முதலில் நீ தனியாகப் படி. போனில் பேசினால் உன் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். நானும் வழக்கம்போல நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நவராத்திரிக்கு அனுப்பிய கொலுப் படங்களைப் பார்த்து முசிறியில் எல்லோரும் மெச்சியதாகச் சொன்னாய். அந்த ஒன்பது நாளும் நான் இரவு மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, விடியும்வரை புரண்டு கொண்டிருந்தேன். வீடு வாங்கிவிட்டோம், இருவருக்கும் நல்ல வேலை, பெரியவளுக்குக் கிராமர் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. எதுவும் பொய் இல்லை. ஆனால் எதிலும் எனக்கு ஒட்டுதல் இல்லை.

டிசம்பரில் இங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு துணி மடிக்க உட்கார்ந்தேன். சின்னவனுடைய ஒற்றைக் காலுறையைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. அதன் ஜோடியைத் தேட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவர் வந்து விளக்கைப் போட்டபோது வெளியே இருட்டியிருந்தது, கூடை அப்படியே இருந்தது. அழுகையாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. "உனக்கு என்ன குறை?" என்றார். பாவம், அக்கறையில்தான் கேட்டார். நீயும் இப்போது அதையேதான் கேட்பாய். குறை உள்ளவர்களுக்குத்தான் வர வேண்டும் என்று சர்க்கரை நோய்க்கு யாராவது சட்டம் போட்டார்களா அக்கா? இதற்கு மட்டும் ஏன்?

டாக்டரிடம் அவரேதான் அழைத்துப் போனார். தைராய்டு, பி12, இரும்புச்சத்து எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், சரியாகவே இருந்தன. பிறகு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா. மதிப்பெண் கூடக் கூட நோயும் கடுமை என்று அர்த்தம். மொத்தம் 27, எனக்கு 18. கடைசிக் கேள்விக்கு 'சில நாட்கள்' என்று குறித்தேன். பயப்படாதே. அதை டாக்டரிடமும் அவரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இருவரும் கவனமாக இருக்கிறார்கள்.

மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். தினம் ஒரு செர்ட்ரலின் மாத்திரை. முதல் வாரம் குமட்டியது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகுமாம். நாமாக நிறுத்தக் கூடாது. ஆலோசகர் ஒருவரிடமும் பேசி வருகிறேன். அரசு மருத்துவச் சேவை என்பதால் அதற்குக் கட்டணம் இல்லை. இப்போதெல்லாம் ஐந்து மணிவரை தூங்குகிறேன். அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டால் வேண்டிக்கொள்ளட்டும். மாத்திரையை மட்டும் விடச் சொல்ல வேண்டாம்.

இனி நான் எழுத வந்த விஷயம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது எனக்குச் சித்தி நினைவுதான் வந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, குழந்தை அழுதாலும் தூக்காமல், பின்கட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளே. மனம் தெளியட்டும் என்று குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைத்தார்கள். அவள் திரும்பி வந்த பிறகு யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் அப்போது சின்னப் பெண். உனக்கு விவரம் தெரிந்த வயது. திருச்சியில் டாக்டரிடம் காட்டினார்களா? மருந்து கொடுத்தார்களா? மறுபடியும் வந்ததா? பாட்டிக்கும் இருந்ததாக யாராவது சொன்னதுண்டா?

உன் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். இது வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்று நீ கலங்குவாய். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் அவளிடம் சொல். நாளைக்கு அவளும் பிள்ளை பெறுவாள். அவளுக்கும் அப்படி வந்தால், அது என்னவென்று அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்; அதையும் குறித்துக் கொடு.

மாதக் கடைசியில் மறுபடி டாக்டரைப் பார்க்கிறேன். அதற்குள் உனக்குத் தெரிந்ததை எழுது. தெரியாததைச் சித்தியிடமே கேள். நான் கேட்கச் சொன்னதாகவே சொல்.

உன் தங்கை