கையசைவில் இயங்கும் வீட்டுச் சாதனங்களை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கையை அசைத்தால் விளக்கு எரியும், திரைச்சீலை விலகும் என்று சொல்லி விற்கிறீர்கள். அசைக்காதபோது எதுவும் நடக்காது என்ற உறுதியை மட்டும் தருவதில்லை. இந்தச் சாதனங்களைப் பொருத்துபவர்கள், பழுது பார்ப்பவர்கள் என்ற முறையில் நாங்கள் கேட்பது முதலில் அந்த உறுதியைத்தான்.

மேசையைத் துடைக்கும் கையும் கட்டளையிடும் கையும் சென்சாருக்கு ஒன்றுதான். எனவே ஒற்றை வீச்சைக் கட்டளையாக ஏற்காதீர்கள். உள்ளங்கை அரை நொடி அசையாமல் நின்ற பிறகே சாதனம் விழிக்கட்டும். ஒரு சின்ன எல்இடி அதைக் காட்டட்டும். அடுத்த 2 நொடிக்குள் வரும் அசைவு மட்டும் செல்லுபடியாகட்டும். கை நடுங்குபவர்களுக்கு 'அசையாமல்' என்பதன் வரம்பைத் தளர்த்தும் வசதியும் வேண்டும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதில் இன்னொரு தொல்லை. விஎல்53எல்0எக்ஸ் போன்ற தூரம் அளக்கும் சென்சார் நொடிக்குச் சுமார் 30 முறை அளக்கும். 10 முதல் 40 செ.மீ. வரையிலான தூரத்தை 0 முதல் 100 விழுக்காடாக மாற்றுவது எளிது. ஆனால் விரும்பிய வெளிச்சம் வந்ததும் கையை எடுப்போமே, அந்த விலகலும் அளக்கப்பட்டு விளக்கு தாவிவிடும். கடைசி 5 அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) எடுத்தால் நடுக்கம் அடங்குமே தவிர இந்தத் தாவல் போகாது. கை மறைந்ததும் 300 மில்லிநொடிக்கு முந்தைய மதிப்புக்குத் திரும்புங்கள். சில வரி நிரலில் முடிகிற வேலை இது.

சென்சாரின் மேல்மூடியிலும் கவனம் தேவை. மூடிக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி கூடினால், சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி மூடியின் உட்புறத்தில் பட்டு நேரே திரும்பி வரும். கையே இல்லாமல் 'மிக அருகில் ஏதோ இருக்கிறது' என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். இடைவெளியை 1 மி.மீ.க்குள் வையுங்கள். மூடி போட்ட பிறகு அளவுத்திருத்தம் செய்யுங்கள், அதற்கு முன்பல்ல. இடவலம், மேல்கீழ் உணரும் ஏபிடிஎஸ்-9960 சில்லைத் தவறிப்போய் 90 பாகை திருப்பிப் பொருத்தினால் இடது மேலாகிவிடும். திசையை மென்பொருளில் மாற்ற வழி வையுங்கள்.

கேமராவை நம்புபவர்களுக்கு ஒரு சொல்: அணைந்திருக்கும் விளக்கை எரியவைக்கத்தான் கை அசைகிறது, அந்த இருட்டில் சாதாரணக் கேமராவுக்குக் கை தெரியாது! வெளிச்சம் இருக்கும்போதும் சிக்கல் உண்டு. படத்தில் கையைக் கண்டறியும் மென்பொருளான மீடியாபைப் கையில் 21 புள்ளிகளைத் தரும். விரல்கள் சேர்கின்றனவா என்று அறிய, கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் உள்ள தூரத்தை அப்படியே எடுத்தால், ஆள் தள்ளி நின்றதும் கணக்கு பிசகும். மணிக்கட்டுக்கும் நடுவிரலின் அடிமூட்டுக்கும் உள்ள தூரத்தால் அதை வகுத்துக்கொள்ளுங்கள். படம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

சாதனங்கள் செய்தி பரிமாறும் முறையான எம்கியூடிடி வழியே கட்டளை அனுப்பினால், கடைசிச் செய்தியைச் சேமித்துவைக்கச் சொல்லும் 'ரீட்டெய்ன்' குறியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இணைப்பு அறுந்து மீளும்போதெல்லாம் பழைய கட்டளை மீண்டும் வந்து, நள்ளிரவில் விளக்கு தானாக எரியும். பூட்டையும் அடுப்பையும் கையசைவுக்கு விடவே விடாதீர்கள்.

சுவர் சுவிட்சைப் பிடுங்கச் சொல்லும் நிறுவல் குறிப்புகளை நீக்குங்கள். மாடிப்படி விளக்குக்குச் செய்வதுபோல, டூ-வே சுவிட்சின் பொதுமுனை தவிர்த்த இரு முனைகளையும் ரிலேயின் (போர்டு இயக்கும் மின்சுவிட்சின்) என்ஓ (சாதாரணமாகத் திறந்திருக்கும்), என்சி (சாதாரணமாக மூடியிருக்கும்) முனைகளில் சேர்த்து, ரிலேயின் பொதுமுனையை விளக்குக்குக் கொடுத்தால் போதும். போர்டு செத்தாலும் சுவிட்ச் வேலை செய்யும்.

கடைசியாக, பெட்டியில் 'எட்டும் தூரம்' என்று ஒரே எண்ணை அச்சிடுகிறீர்கள். அது பெரும்பாலும் நிழலில் அளந்தது. வெயில் விழும் சன்னலோரத்தில் எத்தனை செ.மீ. என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பொருத்துபவர்களும் பழுது பார்ப்பவர்களும்